குரக்குவலியும் கொய்னாவும்: மருத்துவர்கள் கைவிடக் கற்றுக்கொண்ட வரலாறு





சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் பங்குனி வெயிலில் வந்தது. வாழப்பாடியைச் சுற்றிப் பாக்குத் தோப்புகள் மிகுதி என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். அத்தோப்புகளில் இளமை முழுவதும் மரமேறிப் பிழைத்த பெரியவர் ஒருவர், எழுபதை நெருங்கிய வயதிலும் தராவீஹ் தொழுகையின் 20 ரக்அத்தையும் நின்றே தொழுபவர், அன்றிரவு ஸுஜூதிலிருந்து எழ முயன்றபோது அப்படியே சரிந்தார். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. ஸலாம் கொடுத்ததும் அனைவரும் சூழ்ந்து நின்றோம். "ஹஜ்ரத், கொரக்களி புடிச்சிக்கிச்சு" என்று மட்டும் பற்களைக் கடித்தபடி சொன்னார்.

ஒருவர் தைலம் தேய்த்தார். ஒருவர் பாதத்தை நீவினார். நாம் நமது பங்குக்கு ஓர் ஆலோசனை கூறினோம். வியர்வையில் உப்பு போய்விட்டதால்தான் இப்படி இழுக்கிறது, ஸஹர் நேரத்தில் ஒரு குவளை உப்பு நீர் அருந்துங்கள் என்றோம். அவரும் ஆலிம் சொன்ன சொல் என்று நம்பி நாள் தவறாமல் அருந்தினார். அவர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர் என்பதை நாம் கேட்கவில்லை. பத்து நாள்களில் இரு பாதங்களும் வீங்கின. மூச்சு வாங்கியது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "உப்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னது யார்?" என்று மருத்துவர் வினவியபோது, பெரியவர் நம் முகத்தைக்கூடப் பார்க்காமல், "நானாத்தான் குடிச்சேன்" என்றார். நாம் அருகில் நின்றுகொண்டிருந்தோம்.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் பிறருக்கு வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. மாணவர்களுக்குப் பலமுறை ஓதிக்காட்டிய ஹதீஸ்தான். அன்று அது நம்மை நோக்கியே திரும்பியது. அதன் பின்னரே, இந்தச் சிறு நோவை மருத்துவர்கள் காலந்தோறும் எவ்வாறு அணுகினர் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். அவ்வரலாற்றில் நாம் செய்த அதே பிழையைப் பெரும் மருத்துவர்களும் செய்திருந்தனர். ஆனால் அவர்கள் அதைச் சோதித்து அறிந்து திருத்திக்கொண்டனர். அதையே இங்குப் பகிர்கிறோம்.

தஷன்னுஜ்: பழைய மருத்துவர் கண்ட இரு காரணங்கள்

நம் கட்டுப்பாடு இல்லாமல் ஒரு தசை திடீரென இறுகி, வலியுடன் சில நொடிகளோ சில நிமிடங்களோ நிற்பதே குரக்குவலி. பேச்சு வழக்கில் கொரக்களி, நரம்பு இழுப்பு, சுண்டி இழுத்தல் என்பர். அரபு மருத்துவ நூல்களில் இது தஷன்னுஜ் என்னும் பெரிய தலைப்பின் கீழ் வரும். அச்சொல் வலிப்பு வகைகளையும் சேர்த்தே குறிக்கும்.

இப்னு ஸீனா (980–1037) தமது அல்கானூன் நூலில், தஷன்னுஜுக்கு இரு முதன்மைக் காரணங்களைக் கூறுகிறார். ஒன்று, உடலில் நீர்மங்கள் மிகுந்து தேங்குவது. மற்றொன்று, உடல் வற்றி உலர்ந்துபோவது. இக்கருத்து கிரேக்க மருத்துவரிடமிருந்து வந்தது. அவர் அதை விரித்து ஒழுங்குபடுத்தினார். மிகுந்ததைக் குறைப்பதும், உலர்ந்ததை எண்ணெயாலும் குளியலாலும் உணவாலும் நனைப்பதும் சிகிச்சையின் அடிப்படை. 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது. அதன் வழித்தோன்றலான யூனானி மருத்துவம் இன்றும் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யூனானி மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கப்படுகிறது.

இன்றைய அறிவியல் முழுவதையும் இப்னு ஸீனா அன்றே சொல்லிவிட்டார் என்று நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. அது அவருக்குச் செய்யும் மரியாதையும் அன்று. ஒரே இழுப்புக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரு காரணங்கள் இருக்கலாம், ஆகவே காரணம் அறியாமல் மருந்து கொடுக்கலாகாது என்னும் எச்சரிக்கையே அவரிடமிருந்து நாம் பெறத்தக்கது. உலர்ந்தவருக்குரிய மருந்தை நீர் தேங்கியவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் பெரியவரின் வீங்கிய பாதங்கள் காட்டின.

அவருக்கு முந்தைய அர்ராஸீ (இறப்பு ஏறத்தாழ 925) இன்னும் ஒரு படி சென்றவர். மூளைக்காய்ச்சல் அறிகுறி கொண்ட நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இரத்தம் வெளியேற்றியும், மற்றொரு பகுதியினருக்கு அவ்வாறு செய்யாமலும் வைத்து ஒப்பிட்டதாக அவரே குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும், கொடுத்தவரையும் கொடாதவரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த முறைதான் பின்னர் மருத்துவத்தின் உரைகல் ஆயிற்று. பேராசான் காலெனின் கருத்துகளுக்கு ஐயம் எழுப்பித் தனி நூலே எழுதியவர் அவர். ஆசானை மதிப்பதும் ஆசானின் சொல்லைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் சான்று.

வியர்வை, வாந்திபேதி, உப்பு

உடல் உலர்வதால் வரும் இழுப்பை உலகம் கண்கூடாகக் கண்டது காலராவில். வாந்திபேதி கண்டவரின் கால்களும் வயிறும் முறுக்கி இழுக்கும். 1831–32இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, வில்லியம் ஓஷாக்னஸி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆய்ந்து, நீரும் உப்புகளும் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார். அடுத்து தாமஸ் லாட்டா என்பவர் ஸ்காட்லாந்தில் உப்பு நீரை நேரே இரத்தக் குழாயில் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். ஓஷாக்னஸி பின்னர் கல்கத்தா வந்து மருத்துவராகப் பணியாற்றினார். இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவரும் அவரே. ஆனால் அவர் கண்ட மருத்துவ உண்மை பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

அது வெயிலில் உழைப்போரிடம் மீண்டும் தெரிந்தது. 1923இல் மான்செஸ்டர் அருகிலுள்ள ஆழமான நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிலாளரைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. வெப்பத்தில் வியர்வை ஊற்றி உழைத்து, இழந்த நீருக்கு வெறும் நீரையே மிகுதியாகக் குடித்தவர்களுக்குக் கடும் தசைப்பிடிப்பு கண்டது. குடிநீரில் சிறிதளவு உப்புச் சேர்த்ததும் தணிந்தது. 1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணைக் கட்டுமானத்திலும் வெப்பத்தால் தொழிலாளர் துன்புற, அங்கும் ஆய்வு நடந்தது. வியர்வையோடு உப்பும் போகிறது, வெறும் நீர் எஞ்சியதையும் நீர்க்கச் செய்கிறது என்பது நிலைபெற்றது.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பங்காவ்னில் அகதிகள் குவிந்தனர். காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் நீரில் கலந்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். குடும்பத்தாரே நோயாளிக்குப் புகட்டினர். 30 விழுக்காடு அளவில் இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குடல் சுவர் சர்க்கரையை உள்ளிழுக்கும்போது உப்பையும் உடன் இழுத்துக்கொள்கிறது, உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது என்பதே அக்கலவையின் இரகசியம். இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பொட்டலத்தில் ஒரு லிட்டர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. நாம் ஓ.ஆர்.எஸ். என்று மருந்துக்கடையில் வாங்குவது இதுவே.

ஆக, உப்பு நீர் பற்றிய நம் ஆலோசனை முற்றிலும் கற்பனை அன்று. பாக்குத் தோப்பில் பகல் முழுதும் மரமேறும் இளைஞருக்கு அது பொருந்தியிருக்கலாம். பெரியவரோ மரமேறுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின. அவர் நிழலில் அமர்ந்து பாக்கு உரிப்பவர். முதியோருக்கு இரவில் வரும் கெண்டைக்கால் இழுப்பு பெரும்பாலும் உப்புக் குறைவால் வருவதில்லை. ஓர் இழுப்புக்கு உண்மையான மருந்தை மற்றோர் இழுப்புக்கு எடுத்துக் கொடுத்தோம். மருத்துவ உலகமும் ஏறத்தாழ இதையே செய்தது. அந்தக் கதை நம் நீலகிரியிலிருந்து தொடங்குகிறது.

நடுவட்டத்துச் சிங்கோனா

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வளரும் சிங்கோனா மரப்பட்டை மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து. அதன் சத்தே குயினைன். நம் பாட்டன்மார் அதைக் கொய்னா என்றனர். 1860–61இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயரின் முயற்சியால் அம்மரத்தின் விதைகளும் நாற்றுகளும் நீலகிரிக்கு வந்தன. உதகை அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் வில்லியம் மெக்கைவர் அவற்றை வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளையும் வேலைக்கு அமர்த்தினர். அவர்களை அடைத்துவைத்த சிறை இன்றும் கூடலூர் சாலையில் செல்வோர் காணும் இடமாக உள்ளது. பட்டை உரித்த மரத்தின் மேல் பாசியைப் போர்த்தினால் புதுப்பட்டை செழித்து வளர்வதை மெக்கைவர் கண்டறிந்தார்.

1866இல் சிங்கோனாவின் வெவ்வேறு சத்துகளைக் காய்ச்சல் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கச் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் குழுக்கள் அமைந்தன. 1892 முதல் வங்காளத்தில் தபால் நிலையங்களில் சிறு பொட்டலங்களாகவே குயினைன் விற்கப்பட்டது. எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து அது. அதில் ஐயமில்லை.

மருந்து தன் எல்லையைத் தாண்டியபோது

குயினைன் தசையின் தூண்டப்படும் தன்மையைத் தணிக்கும் என்பது 1930களின் இறுதியில் தெளிவாயிற்று. 1940இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், இரவுக் குரக்குவலிக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முதற்கட்ட அறிக்கை வெளியானது. பின்னர் அவ்வழக்கம் பரவியது. முதியோர் பலர் படுக்கப்போகும்முன் ஒரு மாத்திரை என்று ஆண்டுக்கணக்கில் விழுங்கினர். அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. காய்ச்சலில் அது பெற்ற நற்பெயரே இங்கும் அதற்குச் சான்றிதழ் ஆயிற்று.

ஆனால் அங்கங்கே சிலருக்கு இரத்தத் தட்டணுக்கள் திடீரெனச் சரிந்து இரத்தம் கசிந்தது. சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. சிலருக்கு இதயத் துடிப்பு தாளம் தவறியது. மலேரியாவால் உயிர் போகும் நிலையில் உள்ளவர் இந்த ஆபத்தை ஏற்கலாம். சில நிமிடக் கால் இழுப்புக்காக ஏற்கலாமா என்பதே கேள்வி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1994இல், குரக்குவலிக்குச் சீட்டின்றி குயினைன் விற்பதைத் தடுத்தது. 2006இல் அனுமதி பெறாத குயினைன் தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து நீக்கியது. 1969 முதல் அதுவரை குயினைன் தொடர்பாக 665 கடும் பாதிப்பு அறிக்கைகள் வந்திருந்தன. அவற்றில் 93 மரணங்கள். 2010இல் மீண்டும் எச்சரித்தது. அதே ஆண்டு அமெரிக்க நரம்பியல் கழகமும், வழக்கமான சிகிச்சையாக இதைத் தவிர்க்க வேண்டும் என்றது.

குயினைன் பயனே தரவில்லையா? அதுவும் இல்லை. கொடுத்தவரையும் கொடாதவரையும் ஒப்பிட்ட 23 ஆய்வுகளைத் தொகுத்து கோக்ரேன் அமைப்பு மதிப்பிட்டது. இரு வாரங்களில் இழுப்பின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்திருந்தது. வலியின் கடுமை 10 விழுக்காடே குறைந்தது. பிரிட்டனில் இன்றும், இழுப்பு அடிக்கடி வந்து உறக்கத்தைக் கெடுத்து, கால் நீட்டும் பயிற்சியும் பயன் தராதபோது மட்டும், ஆபத்தைச் சொல்லிவைத்து, நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, பயனில்லையேல் நிறுத்துகின்றனர். சிறிது பயன் தரும் மருந்தாயினும், அதன் தீங்கு பெரிதெனில் கைவிட வேண்டும். மது, சூது பற்றிய இறைவசனம், அவற்றில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டாயினும் பாவம் அவற்றைவிடப் பெரிது என்று அளந்து காட்டுகிறது. மருந்து மதுவைப் போன்றதன்று. எனினும் பயனையும் தீங்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் நமக்கு அந்நியமானதல்ல.

சேலத்து வெள்ளைக்கல்

குயினைன் போனதும் அவ்விடத்துக்கு மக்னீசியம் மாத்திரை வந்தது. நம் சேலம் நகரின் வடமேற்கே வெள்ளை வெளேரென்று தெரியும் கரடுகள் மாக்னசைட் கனிமத்தால் ஆனவை. அதாவது மக்னீசியம் கார்பனேட். உலைகளுக்கான செங்கல் செய்ய அதை வெட்டி எடுப்பர். அந்த மக்னீசியமே தசைக்கும் நரம்புக்கும் இன்றியமையாத தாது. ஆகவே அதைக் கொடுத்தால் இழுப்பு நிற்கும் என்பது கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் முதியோருக்குக் காரணம் தெரியாமல் வரும் இழுப்பை அது குறிப்பிடத்தக்க அளவில் தடுக்க வாய்ப்பில்லை என்பதே 2020இல் கோக்ரேன் தொகுப்பு கண்ட முடிவு. பொருத்தமாகத் தோன்றுவதும் சோதனையில் உறுதிப்படுவதும் வேறு வேறு.

இன்று மருத்துவர் செய்வது

இழுப்பு பிடித்த அந்தக் கணத்தில் இன்றும் முதன்மையான சிகிச்சை கால் விரல்களை முழங்காலை நோக்கி மேலே வளைத்துக் கெண்டைக்காலை நீட்டுவதுதான். நீட்டப்படும் தசை தளர்கிறது. 55 வயதைக் கடந்த 80 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், உறங்கும்முன் ஆறு வாரம் கால் தசைகளை நீட்டியவர்களுக்கு இழுப்பு குறைந்தது. அதற்கு முந்தைய ஓர் ஆய்வில் அப்பயன் தெரியவில்லை. ஆயினும் செலவில்லை, தீங்கில்லை என்பதால் மருத்துவர் முதலில் இதையே சொல்கின்றனர். தொழுகையே குரக்குவலிக்கு மருந்து என்று சிலர் பரப்புவதைக் காண்கிறோம். தொழுகை இறைவனுக்காக நிறைவேற்றும் கடமை. அதற்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை.

அடுத்து மருத்துவர் காரணம் தேடுவார். என்ன வேலை செய்கிறீர், என்னென்ன மாத்திரை உண்கிறீர், சர்க்கரை உண்டா, சிறுநீரகம் எப்படி என்று கேட்பார். நீரை வெளியேற்றும் இரத்த அழுத்த மாத்திரைகளும், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும் தசை இழுப்பையோ வலியையோ தரக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நடந்தால் வலித்து நின்றால் தீர்ந்தால் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். இவற்றைக் கொரக்களி என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாகாது.

நம் பெரியவரிடமும் மருத்துவர் இவற்றையெல்லாம் கேட்டார். அவர் உண்டு வந்ததும் நீர் மாத்திரையே. இரத்தத்தைச் சோதித்து அதை மாற்றினார். உப்பை நிறுத்தினார். சில நாள் நோன்பு வேண்டாம் என்றார். பெரியவர் குனிந்து அழுதார். மருத்துவர் நம்மைத் திரும்பிப் பார்த்து, "இதை நீங்கள் சொன்னால்தான் கேட்பார்" என்றார்.

அப்போதுதான் நமக்குரிய இடம் எது என்று விளங்கிற்று. நோயாளி வேறு நாள்களில் நோன்பை நிறைவேற்றிக்கொள்ளலாம் என்றும், அதற்கும் இயலாத முதியவர் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்றும் அவருக்கு எடுத்துரைத்தோம். மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைச் சொன்னோம். இது நாம் கற்ற துறை. இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. உப்பு நீரைப் பற்றிச் சொல்ல இல்லை.

பின்னர் ஒருநாள் பெரியவரிடம் தனியே மன்னிப்புக் கேட்டோம். "அதை விடுங்க ஹஜ்ரத்" என்று சிரித்தார். இப்போது தராவீஹில் பின்வரிசை நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்.

வல்ல ரஹ்மான் நம் முதியோருக்கு நலம் அருள்வானாக. அறியாததை அறியோம் என்று சொல்லும் துணிவையும், தவறெனத் தெரிந்ததைக் கைவிடும் பணிவையும் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.